ஒரே சீருடைக்குள் எத்தனை பேர்? ‘சகுரா நோ சோனோ’ குறித்து ஒரு பதில்

ஷுன் நகாஹாரா 1990இல் இயக்கிய ‘சகுரா நோ சோனோ’ (செர்ரித் தோட்டம்) என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் பன்மைத்தன்மை என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பள்ளி, ஒரே சீருடை, எல்லாரும் ஜப்பானியப் பெண்கள். அப்படியிருந்தும் பெண்ணைப் பெண் நேசிப்பதைக் காட்டிய முக்கியமான படம் என்று சிலர் இதைக் கொண்டாடுகிறார்கள். அது வெறும் பள்ளித் தோழமைதான், இல்லாததை நாம் ஏற்றிப் பார்க்கிறோம் என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இதில் யாரை நம்புவது என்பது உங்கள் குழப்பம். போகிறபோக்கில், நீங்கள் நடத்தும் பள்ளி நாடகக் குழுவின் மாணவிகளுக்கு இதைப் போட்டுக்காட்டலாமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. அதற்கு விடை சொல்வதற்காகவே மற்றவற்றைப் பார்க்கிறேன். நான் கல்லூரியில் சினிமா கற்பிப்பவன். அதற்கு முன்பு நெடுங்காலம் மாணவர் நாடகங்களை இயக்கியிருக்கிறேன், அவற்றில் பாதி பெண்கள் கல்லூரிகளில். ஜப்பானியப் பள்ளி வாழ்க்கையை நூல்கள் வழியாகவும் படங்கள் வழியாகவும்தான் அறிவேன். பெண்ணை நேசிக்கும் பெண்ணாக இந்தப் படத்தின் முன் உட்கார்வது எப்படியிருக்கும் என்பதும் எனக்கு அனுபவத்தால் தெரிந்ததல்ல. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஒரு தனியார் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஒவ்வோர் ஆண்டும் பள்ளியின் நிறுவன நாளன்று நாடகக் குழு ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை மேடையேற்றுவது அங்கே மரபு. திரை விலகுவதற்கு முந்தைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் படம். குழுத் தலைவி யூகோ ஷிமிஸு அன்று காலை, பள்ளி விதிகளை மீறிச் சுருள்முடி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நோரிகோ சுகியாமா என்ற மாணவி வெளியில் தோழிகளோடு இருந்தபோது புகைபிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் நாடகத்தையே நிறுத்திவிடலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசுகிறார்கள். வழக்கமாக ஆண் வேடம் கட்டும் உயரமான சியோகோ குராட்டாவுக்கு இம்முறை நாயகி ரனேவ்ஸ்கயா வேடம் கிடைத்திருக்கிறது. நாடகம் நின்றால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு அவளுக்குப் பயம். இவ்வளவுதான். அகிமி யோஷிதா 1980களின் நடுவில் தொடராக எழுதிய மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, எடுக்கப்பட்ட படம் இது. இயக்குநர் கொரேடா 2015இல் படமாக்கிய சகோதரிகளின் கதையை எழுதியவரும் இதே யோஷிதாதான். 1990இன் சிறந்த ஜப்பானியப் படங்களை ‘கினெமா ஜுன்போ’ என்ற சினிமா இதழ் வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது.

முதலில் இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குறை நியாயமானது. இந்தப் பள்ளியில் கொரிய வம்சாவளி மாணவி ஒருத்திகூட அடையாளம் காட்டப்படவில்லை. ஐனு பழங்குடியினர், ஒகினாவா தீவினர், ஒடுக்கப்பட்ட புராக்கு சமூகம், மாற்றுத்திறனாளிகள் என எவரும் இல்லை. அதே 1990 ஜூனில்தான் ஜப்பானின் திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரேசிலிலும் பெருவிலும் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் தொழிற்சாலை நகரங்களுக்குப் பெருமளவில் வந்து குடியேறத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிகளுக்குள் நுழைவதற்குச் சற்று முந்தைய உலகம் இந்தப் படத்தினுடையது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜப்பானில் தலைமுறைகளாக வாழும் கொரியர்கள் அப்போது ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏராளமானோர் பள்ளியிலும் வேலையிலும் ஜப்பானியப் பெயரையே பயன்படுத்தினார்கள். ஆகவே, பெயர்களை வைத்து ‘எல்லாரும் ஜப்பானியர்’ என்று நாம் முடிவு கட்டுவதே அந்த மறைப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்குச் சான்று. அதற்காக இந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்தக் குறையை உணர்ந்து பார்க்க வேண்டுமென்றால் நொபுஹிரோ யமஷிதாவின் ‘லிண்டா லிண்டா லிண்டா’வை (2005) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி விழாவுக்காகப் பாட்டுக் குழு அமைக்கும் பெண்களின் கதை. பாடகியாக வந்து சேர்பவள் கொரியாவிலிருந்து படிக்க வந்த மாணவி, நடித்தவர் பே டூனா. அவளுடைய அரைகுறை ஜப்பானியப் பேச்சையும் தனிமையையும் அந்தப் படம் எந்த உரையும் ஆற்றாமல் எடுத்துக்கொள்கிறது.

வர்க்கம் வேறு விதமான வெற்றிடம். செக்காவின் நாடகமே பண்ணையடிமைகளின் பேரனான லொபாகின் தன் முன்னோர் அடிமையாயிருந்த பண்ணையை ஏலத்தில் எடுக்கும் கதை. 1904இல் மாஸ்கோவில் அது முதன்முறை மேடையேறியபோது பார்வையாளர்களில் பலருக்கு அது அக்கம்பக்கத்துச் செய்தி. வேலைக்காரர்கள், கணக்கர், வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெண், கிழட்டு வேலையாள் ஃபிர்ஸ் என்று ஒரு சமூகத்தின் முழு ஏணியும் மேடையில் நிற்கும். அதை நடிக்கப்போகும் இந்தப் பெண்களோ, வீட்டில் என்ன வசதி, யார் கட்டணம் கட்டுகிறார்கள் என்ற பேச்சே எழாத ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகள். இந்த முரணை இயக்குநர் பயன்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. செர்ரித் தோட்டத்தை அவர் கைநழுவிப் போகும் அழகின் குறியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார். தோட்டத்தை வெட்டிச் சாய்க்கும் லொபாகினின் கோடரியை விட்டுவிட்டு மலர்களை மட்டும் எடுத்துக்கொண்டது என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் பெரிய இழப்பு. இதைச் சொன்னால் படத்தின் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இனி, இருப்பவற்றுக்கு வருகிறேன். நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வகுப்புக்கு எடுத்துச் செல்வதற்குக் காரணம் குராட்டா. பெண்கள் மட்டுமே உள்ள குழுவில் நாடகம் போட்டவர்களுக்குத் தெரியும்: உயரமான பெண்ணுக்கு மீசை ஒட்டிவிடுவார்கள். அவள் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை, அளவு நாடாவே முடிவு செய்துவிடும். ஜப்பானில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1629இல் பெண்கள் கபுக்கி என்ற மரபு நாடக மேடையில் ஏறத் தடை விதிக்கப்பட்ட பின் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அதற்கு நேர் எதிராக, இச்சிஸோ கோபயாஷி என்ற ரயில் நிறுவன முதலாளி தன் பாதையின் கடைசி நிலையமான தகராஸுகாவுக்குக் கூட்டம் சேர்ப்பதற்காக 1913இல் இளம்பெண்களைக் கொண்டு ஓர் இசைக் குழு தொடங்கினார். 1914இல் முதல் நிகழ்ச்சி. இன்றுவரை அங்கே ஆண் வேடமும் பெண்களுடையதே. ஆண் வேடமா பெண் வேடமா என்பது பயிற்சிக் காலத்திலேயே தீர்மானமாகிவிடும், உயரத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆண் வேடம் கட்டுபவர்களுக்குத்தான் அங்கே பெருங்கூட்டமான ரசிகைகள். அந்தப் பாரம்பரியத்தின் நிழல் ஜப்பானியப் பெண்கள் பள்ளிகளின் நாடகக் குழுக்கள்மேல் விழாமல் இருக்காது. இளைய மாணவிகள் வியந்து பார்க்கும் ‘இளவரசன்’ ஒருத்தி எல்லாப் பள்ளியிலும் உண்டு.

குராட்டா அப்படிப்பட்டவள். அவளுக்குப் பெண் வேடம் கொடுத்தவுடன் நடுங்குகிறாள். இதை மேடைப் பயம் என்று பார்ப்பது மேலோட்டமான பார்வை. ஆண் வேடத்தில் அவள் ஒளிந்துகொள்ள முடிந்தது. நாயகியின் நீண்ட ஆடைக்குள் அவளுடைய உயரமும் உடலும் எல்லார் கண்ணிலும் படும், ‘நீ பெண்தானா, எப்படிப்பட்ட பெண்?’ என்ற கேள்வி அவள் மேல் வந்து விழும். மாணவிகளை நடிக்க வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கூச்சத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு. என் ஒத்திகைகளில் கம்பீரமாக அரசனாக நடந்த பெண்கள் சேலை கட்டிய வேடம் கொடுத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பிரதிநிதித்துவம் என்றால் எத்தனை வகை மனிதர்கள் என்று எண்ணுவது மட்டும்தானா? ஒரே வகை என்று நாம் நினைக்கும் கூட்டத்துக்குள் பெண்மை ஒருத்திக்குப் பொருந்துகிறது, இன்னொருத்திக்கு உறுத்துகிறது என்று காட்டுவதும் அதில் சேராதா? சேரும் என்பது என் கட்சி.

அடுத்து, நேசம். ஷிமிஸுவுக்குக் குராட்டாவைப் பிடித்திருக்கிறது. சுகியாமாவுக்கு ஷிமிஸுவைப் பிடித்திருக்கிறது. இதில் ஊகம் எதுவும் இல்லை, படமே சொல்கிறது. ஒப்பனை முடித்து உடையணிந்த பின் ஷிமிஸுவும் குராட்டாவும் தனியே புகைப்படம் எடுத்துக்கொள்ளும் காட்சியில் ஷிமிஸு தன் மனத்தை வாய் திறந்தே சொல்லிவிடுகிறாள். தானாக இயங்கும் கேமராவை நோக்கி இருவரும் ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறார்கள், ஒருவரையொருவரும் நெருங்குகிறார்கள். மறைவிலிருந்து சுகியாமா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முத்தமில்லை, கண்ணீர் வெடிப்பில்லை. படத்தின் மிகத் தீவிரமான காட்சி இதுதான். ‘வெறும் தோழமை’ என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியில் மூன்றாவதாக ஒருத்தி நிற்பதை மறந்துவிடுகிறார்கள். வெறும் தோழமையை ஒளிந்து நின்று கேட்டு யாருக்கும் நெஞ்சு வலிப்பதில்லை.

இதோடு வேடப் பங்கீட்டைச் சேர்த்துப் பாருங்கள். ஷிமிஸு நடிப்பது பணிப்பெண் துன்யாஷா. சுகியாமா நடிப்பது பாரிஸ் பார்த்துவிட்டு வந்த திமிர்பிடித்த வேலையாள் யாஷா. செக்காவின் இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் துன்யாஷா யாஷாவிடம் தன் காதலைச் சொல்வாள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒரு பெண் யாரையாவது காதலித்தால் அவள் ஒழுக்கமற்றவள் என்று பொருள் என்பான், பிறகு சுருட்டைப் பற்றவைப்பான். மேடைக்கு வெளியிலோ எல்லாம் தலைகீழ்: யாஷா வேடக்காரி துன்யாஷா வேடக்காரியை வாய்திறக்காமல் நேசிக்கிறாள், துன்யாஷாவின் கண் வேறு பக்கம் இருக்கிறது. புகைபிடித்த குற்றத்துக்காக நாடகத்தையே நிறுத்தத் துணியும் பள்ளி, சுருட்டுப் பிடிக்கும் ஒரு பாத்திரத்தை ஆண்டுதோறும் மேடையில் நிறுத்திக் கைதட்டிக்கொண்டும் இருக்கிறது. நாடகத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவையெல்லாம் நழுவிவிடும்.

எது நிச்சயம், எது வாதத்துக்குரியது என்று பிரித்துவிடுகிறேன். ஷிமிஸு, சுகியாமா இருவரின் நேசமும் நிச்சயம். குராட்டா திருப்பித் தருவது என்ன என்பது வாதத்துக்குரியது. அவள் மகிழ்கிறாள், நெகிழ்கிறாள், ஆனால் அது காதலா, தன் உடலைக் கண்டு கூசிக்கொண்டிருந்த நேரத்தில் தன்னை அழகாகப் பார்த்த ஒருத்திக்குச் செலுத்தும் நன்றியா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், என் மாணவிகளில் பலர் முதல் பக்கம். அந்தப் பெண்கள் வளர்ந்த பின் என்ன ஆவார்கள் என்பதையும் படம் திறந்தே விட்டுவிடுகிறது, நாடகம் தொடங்கும் இடத்திலேயே அது முடிந்துவிடுவதால்.

‘இது பள்ளிப் பருவத்து மயக்கம், பட்டம் வாங்கியதும் கலைந்துவிடும்’ என்ற வாதம் படத்துக்கு மிகவும் முந்தையது. 1899இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி ஆணை வந்து, மாகாணந்தோறும் அப்படிப்பட்ட பள்ளிகள் எழுந்தன. அவற்றோடு சிறுமியர் இதழ்களும் பெருகின. மூத்த மாணவிக்கும் இளைய மாணவிக்கும் இடையிலான உணர்ச்சிகரமான பிணைப்பு, ‘எஸ்’ என்ற பெயரில், அந்த இதழ்களின் முக்கியக் கதைப்பொருளானது. நொபுகோ யோஷியா 1916இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘ஹானா மொனோகதாரி’ கதைகளைப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பெற்றோரும் பள்ளிகளும் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது: கல்யாணம் வந்தால் தானாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கை, ஆண்களோடு பழகுவதைவிட இது ‘பாதுகாப்பு’ என்ற கணக்கு. ஆனால் யோஷியாவின் வாழ்க்கையே அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. அவர் சியோ மொன்மா என்ற பெண்ணோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்தார். சட்டம் வேறு வழி எதுவும் தராததால் 1957இல் அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ‘சகுரா நோ சோனோ’ இந்த மரபின் பிள்ளை என்பதில் எனக்கு ஐயமில்லை. மலர், மேடை, கடைசி வசந்தம் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. ஆனால் அந்த மரபின் சாக்குப்போக்கை இது கடன் வாங்கவில்லை. இது கலைந்துவிடும் என்று எந்தப் பெரியவரும் வந்து நமக்கு ஆறுதல் சொல்வதில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பள்ளியின் பார்வை. அந்த ஆசிரியர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சிகரெட்டைப் பார்க்கிறார்கள், சுருள்முடியைப் பார்க்கிறார்கள். நேசத்தை மட்டும் பார்ப்பதே இல்லை. இதை வெறும் கதை வசதி என்று கடந்துவிடக் கூடாது. மாணவர்களின் ‘சிக்கலான நடத்தை’ குறித்து ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1979இல் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டியில் தன்பாலீர்ப்பு பாலியல் பிறழ்வாக, ஒழுங்கீனத்தின் ஒரு வகையாக வைக்கப்பட்டிருந்தது. 1990களில் எதிர்ப்பு எழுந்த பின்தான் அமைச்சகம் அதைக் கைவிட்டது. அதாவது இந்தப் படம் வந்தபோது, ஷிமிஸு சொன்ன அந்த ஒரு வாக்கியம் அதிகாரபூர்வமான தாளில் சுகியாமாவின் சிகரெட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அதே 1990 பிப்ரவரியில் தோக்கியோவின் ஃபூச்சு இளைஞர் விடுதியில் தங்கிய தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று மற்ற விருந்தினர்களின் கேலிக்கு ஆளானது. பிறகு, மீண்டும் தங்க அனுமதியில்லை என்று நகர நிர்வாகமே மறுத்தது. குழு வழக்குத் தொடுத்தது, 1994இல் வென்றது, 1997இல் மேல்முறையீட்டிலும் வென்றது. நகாஹாரா இவற்றை நினைத்துக்கொண்டு படமெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு மெல்லிய குரலில் பேசுகிறார்கள் என்பது புரிய வேண்டுமானால் வெளியே என்ன காற்று வீசிக்கொண்டிருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சுருள்முடியையும் சும்மா விட முடியாது. முடி நேராக, கருப்பாக இருப்பதே இயல்பு என்று எழுதிவைத்த விதிகள் ஜப்பானியப் பள்ளிகளில் மிகச் சாதாரணம். 1990 ஜூலையில் கோபே நகரில், தாமதமாக வரும் மாணவர்களைத் தடுக்க ஆசிரியர் ஒருவர் இழுத்து மூடிய இரும்பு வாயிற்கதவில் சிக்கி 15 வயது மாணவி இறந்தார். அதன் பிறகு பள்ளி ஒழுங்கின் கடுமை குறித்து நாடே விவாதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் திரைக்கு வந்த படத்தில் குழுத் தலைவி முடியைச் சுருட்டிக்கொண்டு வருவது வெறும் அலங்காரமாகப் பார்க்கப்பட்டிருக்க முடியாது. பிற்காலத்தில் ஒசாக்கா மாவட்டத்தில் பிறவியிலேயே பழுப்பு முடி கொண்டவள் என்று சொன்ன மாணவியைக் கருஞ்சாயம் பூசச் சொல்லி வற்புறுத்திய விவகாரம் 2017இல் நீதிமன்றத்துக்கே போனது. தோக்கியோவின் பொதுப் பள்ளிகள் இத்தகைய விதிகள் சிலவற்றை 2022 ஏப்ரலில்தான் விட்டன. நீங்கள் தேடும் இனப் பன்மை இந்தப் படத்தில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தப் பன்மையைத் தடுத்து நிறுத்தும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது.

கேமராவுக்குப் பின்னால் யார் என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். மங்காவை எழுதியவர் பெண். இயக்குநரும் திரைக்கதை எழுதிய ஹிரோஅகி ஜின்னோவும் ஆண்கள். நகாஹாரா நிக்காட்சு நிறுவனத்தின் பாலுணர்வுப் படங்களில் தொழில் கற்றவர். இந்த வரலாற்றைக் கேட்டவுடன் பலர் முகம் சுளிப்பார்கள், நானும் படத்தை அந்தச் சந்தேகத்தோடுதான் முதலில் பார்த்தேன். ஆடை மாற்றும் அறை, உள்ளாடை, இளம்பெண்கள் என்று ஆபத்தான களம். கேமரா பெரும்பாலான நேரம் சற்றே தள்ளி நின்று, நீண்ட நேரம் ஓடும் காட்சிகளில், கூட்டமாக ஒரே நேரத்தில் பேசும் பெண்களைப் பின்தொடர்கிறது. உடலைத் துண்டு துண்டாக்கிக் காட்டும் வழக்கமான வேலையைச் செய்வதில்லை. எனக்கு அது போதுமான நேர்மையாகப் பட்டது. ஆனால் இந்த இடத்தில் என் கண்ணைவிட ஒரு பெண்ணின் கண்ணுக்கு அதிக உரிமை உண்டு. என் வகுப்பில் சில மாணவிகள், இந்தப் பெண்கள் அளவுக்கு மீறி மென்மையாக இருக்கிறார்கள், பொறாமையும் அசிங்கமான சண்டையும் ஆண் இயக்குநரின் ரசனையால் வடிகட்டப்பட்டுவிட்டன என்று வாதிட்டார்கள். எங்கள் கல்லூரி ஒப்பனை அறைகளில் நான் கேட்ட கூச்சலை நினைத்தால் அவர்கள் சொல்வதில் சாரம் இருக்கிறது.

இதே இயக்குநர் 2008இல் இதே தலைப்பில் இன்னொரு படம் எடுத்தார். வயலினைக் கைவிட்ட ஒரு மாணவி புதிதாக அந்தப் பள்ளிக்கு வந்து, நின்றுபோன நாடகத்தை மீண்டும் மேடையேற்றும் கதை. தேடும்போது இரண்டும் ஒன்றாக வரும், ஏமாந்துவிடாதீர்கள். அது தடைகளை வென்று சாதிக்கும் வழக்கமான படம், நம் கேள்விக்கு அதில் அதிகம் இல்லை.

இனி உங்கள் கடைசி வரி. காட்டலாம், ஆனால் தயாரிப்போடு. தொடக்கத்திலேயே மேடை நிர்வாகியான இளைய மாணவி விடியற்காலையில் நாடக அறையில் காதலனோடு இருக்கிறாள், புகைபிடித்தல் பற்றிய பேச்சும் உண்டு. பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் உங்கள் குழுவுக்குத்தான் சங்கடம். படம் முடிந்ததும் ‘இவள் இப்படிப்பட்டவளா, இல்லையா’ என்று மாணவிகளைக் கையுயர்த்தச் சொல்லும் விவாதம் மட்டும் வேண்டாம். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் சுகியாமாவைப் போல வாய்திறக்காத ஒருத்தி இருக்கக்கூடும், அவளை மற்றவர்களின் தீர்ப்புக்கு நடுவில் உட்கார வைத்தது போலாகிவிடும். வேடங்களிலிருந்து பேசத் தொடங்குங்கள்: நம் குழுவில் ஆண் வேடம் யாருக்குப் போகிறது, யார் முடிவு செய்கிறார்கள், நாயகி வேடம் கேட்கக் கூசுபவர் யார். அவர்கள் பேச நினைப்பதெல்லாம் அந்தக் கேள்விகள் வழியாகத் தானே வெளியே வரும், வராவிட்டாலும் குற்றமில்லை. முடிந்தால் செக்காவின் இரண்டாம் அங்கத்தை, குறைந்தது துன்யாஷாவும் யாஷாவும் பேசும் தொடக்கப் பகுதியை, முதலில் அவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். படம் 96 நிமிடம்தான். வாசிப்பையும் சேர்த்து ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடித்துவிடலாம்.